பீரோவில் பூத்த அகாசியா

எங்கள் காஸ்தெல்மிராக் ஊரில் பல் வைத்தியர் கிடையாது. இருந்த ஒருவரும் துலூஸ் நகரத்துக்குப் போய்விட்டார். தபால் நிலையம் தனக்கு மனசு வந்தால் திறக்கும். ரயில் நிற்பதில்லை, கொஞ்சம் வேகத்தைக் குறைத்து, மரியாதை செய்துவிட்டுப் போகிறது. ஆனால் பூவைச் சாப்பிடுவதற்கென்று எங்களிடம் ஒரு மகாசபை இருக்கிறது.

அகாசியாப் பூ மகாசபை என்று பெயர். உறுப்பினர்களுக்கு வெள்ளைப் பட்டு அங்கி, பச்சை வெல்வெட் கழுத்துப்பட்டை, மரத்திலிருந்து கொத்தாகத் தொங்கும் பூவைப் போலவே தைத்த தொப்பி. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பூங்கொத்து தானாக நடந்து வருவது போலிருக்கும். கிட்டே வந்தால் அது ஓய்வுபெற்ற இன்ஷூரன்ஸ் அதிகாரி முசியே லபர்தீன். அவர்தான் பெருந்தலைவர்.

எங்கள் வட்டாரத்தில் இந்த மாதிரி சபைகளுக்குக் குறைவில்லை. பக்கத்து ஊரில் குடல் கறிக்கு ஒரு சபை. அதற்கடுத்த ஊரில் நத்தைக்கு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பூண்டுக்கு. எல்லாருக்கும் அங்கி உண்டு, கொடி உண்டு, சத்தியப் பிரமாணம் உண்டு. ஒரு சபையின் விழாவுக்கு மற்ற சபைகள் அங்கி மாட்டிக்கொண்டு போய் ஊர்வலத்தில் நடந்து, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வரும். பிறகு அவர்கள் இவர்களுடைய விழாவுக்கு வருவார்கள். இப்படியே ஒருவரையொருவர் கௌரவித்துக்கொண்டு காலம் போய்க்கொண்டிருந்தது. யாருக்கும் தொந்தரவில்லை.

தொந்தரவு அர்லெத் கஸோபோனுக்கு வந்தது.

சந்தைக் கூடத்தில் கடிகாரத்துக்கு நேர் கீழே அடுப்பு போட்டிருப்பவள் அர்லெத். மற்ற மாதங்களில் ஆம்லெட்டும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்பாள். அதில் பிழைப்பு நடக்கும், அவ்வளவுதான். மே மாதம் வந்து ரயில் பாதையோரத்து அகாசியா மரங்கள் பூத்தால் அவள் கடை முன்னால் நிற்க இடமிருக்காது. அவள் புருஷன் ஜெர்மேன் காலையில் பனி உலர்ந்ததும் ஏணி வைத்து ஏறி, வெள்ளைக் கொத்துகளாகப் பறித்துக் கூடையில் போடுவார். மாவு, முட்டை, கொஞ்சம் பீர், மணத்துக்கு ஒரு கரண்டி பிராந்தி. பூங்கொத்தைக் காம்போடு பிடித்துத் தலைகீழாக மாவில் முக்கி எண்ணெயில் விட்டால், பூ கடைசியாக ஒரு முறை விரியும். மேலே சர்க்கரையைத் தூவிக் காகிதத்தில் வைத்துக் கொடுப்பாள். காம்பைப் பிடித்துக்கொண்டு பூவை மட்டும் உருவித் தின்ன வேண்டும். மரத்தில் பூ பத்து நாள் தாங்கினால் அதிகம். ஒரு மழை பெய்தால் அதுவும் இல்லை. அந்தப் பத்து நாள்தான் அர்லெத்தின் வருஷம்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இலையுதிர் காலத்தில் எங்கள் மேயரை மகாசபை கௌரவ உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. தொப்பி அவருக்கு நன்றாகப் பொருந்தியது. அந்தச் சந்தோஷத்தில் அவர் ஒரு உத்தரவு போட்டார். காஸ்தெல்மிராக்கில் இனி பூ சேர்ந்த உணவை விற்பவர்கள் மகாசபையின் பதக்கம் பெற்றிருக்க வேண்டும். ஊருக்கு வரும் விருந்தினர் கண்ணில் முதலில் படுவது கடிகாரத்தடி இடம் என்பதால், அந்த இடமும் பதக்கக்காரருக்கே. அப்படி யாரும் தேறாவிட்டால் அது கைப்பேசி உறை விற்கும் முசியே புரூனேலுக்குப் போகும்.

புரூனேல் நல்ல மனிதர். மறுநாளே அளவு நாடாவோடு வந்து அர்லெத்தின் அடுப்பைச் சுற்றி அளந்து பார்த்தார். போகும்போது பணிவாகக் கேட்டார்: "நீங்க காலி பண்ணும்போது தரையில இருக்கிற எண்ணெய்க் கறையையும் எடுத்துடுவீங்கல்ல, மதாம்? என் சரக்கெல்லாம் வெள்ளை நிறம்."

அர்லெத் பயந்துபோனாள். ஜெர்மேன் பயப்படவில்லை, அவர் எதற்கும் பயப்படுவதற்கு முன்னால் இரும்புக் குண்டு வீசும் பெத்தாங்க் ஒரு ஆட்டம் போட்டுவிட்டு வருவார்.

"பதக்கம்தானே, போய் வாங்கிட்டு வா" என்றார். "சூடா ஒரு தட்டு பஜ்ஜி கொண்டுபோய் வை. ஒரு வாய் தின்னா, மனுஷன் தன் பதக்கத்தையே கழட்டிக் கொடுத்துடுவான்."

அர்லெத்துக்கும் அது சரியென்று பட்டது. மே மாதம், மரங்கள் பூத்த முதல் நாள், சூடு ஆறாமல் துணி போட்டு மூடி, பெருந்தலைவர் வீட்டுக்குத் தட்டை எடுத்துப் போனாள். வீடு பூட்டியிருந்தது. பெருந்தலைவர் குடல் கறி சபையின் விழாவுக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அங்கிருந்து அவள் சபையின் செயலாளர் முசியே பெகோவைத் தேடிக்கொண்டு மாதா கோயில் பின்புறம் போனாள்.

பெகோ முன்பு ஒரு பத்திர எழுத்தரிடம் குமாஸ்தாவாக இருந்தவர். அங்கியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். காலடியில் அவருடைய கொழுத்த நாய் படுத்திருந்தது. அர்லெத் விஷயத்தைச் சொன்னாள். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மே மாசத்துல வந்து பூவைப் பத்திப் பேசுறீங்களே, மதாம்."

மே மாதம் சபைகளுக்கு எப்பேர்ப்பட்ட மாதம் என்று அவர் விளக்கினார். இந்த ஞாயிறு குடல் கறி. அடுத்த ஞாயிறு நத்தை. இடையில் வரும் விடுமுறையில் பூண்டு. பெருந்தலைவர் எதற்கும் போகாமல் இருக்க முடியாது. நாம் போகாவிட்டால் அவர்கள் நம் விழாவுக்கு வர மாட்டார்கள். அவர்கள் வராவிட்டால் நம் ஊர்வலத்தில் நாமே ஏழெட்டுப் பேர் நடந்துகொண்டிருக்க வேண்டியதுதான். ஆகவே பூவைப் பரிசோதித்துப் பதக்கம் கொடுக்கும் நடுவர் குழு மகாசபையின் சொந்த விழாவில்தான் கூடும். சொந்த விழா நவம்பரில். மற்ற ஞாயிறுகளையெல்லாம் பெரிய சபைகள் பிடித்துக்கொண்டுவிட்டன.

"நவம்பர்ல மரத்துல இலையே இருக்காதே, முசியே" என்றாள் அர்லெத். "பூ மே மாசம்தானே பூக்குது?"

"அதுதான் மதாம் அந்தப் பூவோட குறை. நாங்களும் எத்தனையோ வருஷமா பொறுத்துப் போறோம். அது ஒரு தடவையாவது நவம்பர்ல பூத்துப் பார்த்திருக்கா?"

பூவின் சார்பில் வாதாட அர்லெத் வரவில்லை. தட்டின் துணியை விலக்கி அவரிடம் நீட்டினாள். வெண்ணெயும் தேனும் கலந்த மாதிரி ஒரு வாசனை அறை முழுக்கப் பரவியது. பெகோவின் மூக்கு ஒரு அடி முன்னே வந்தது. ஆள் ஒரு அடி பின்னே போனார்.

பரிசோதிக்கப்படாத பூவைச் சபை உறுப்பினர் வாயில் வைக்கக் கூடாது என்றார் அவர். வைத்தால் அங்கியைப் பிடுங்கிவிடுவார்கள்.

"அப்ப பரிசோதிச்ச பூ?"

"இதுவரைக்கும் யாரும் பரிசோதனைக்குக் கொண்டுவரல."

"அப்படின்னா, நீங்க இந்தப் பூவைச் சாப்பிட்டதே இல்லையா?"

"நான் மட்டுமில்ல மதாம், சபையில ஒருத்தர் கூட சாப்பிட்டதில்ல" என்றார் பெகோ. நெஞ்சு நிமிர்ந்தது. "கண்டவன் கண்ட நேரத்துல திங்கிறான் பாருங்க, அது சந்தை. கட்டுப்பாடா திங்காம இருக்கிறோம் பாருங்க, இது சபை."

அதற்குள் நாய் எழுந்து தட்டைக் காலி செய்துவிட்டது. நாய் உறுப்பினர் இல்லை என்று பெகோ குறிப்பிட்டார். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் பார்வை நாயின் மீதே இருந்தது.

விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார்கள். நவம்பர் வரை கடிகாரத்தடி இடம் அர்லெத்துக்கு, அதுவும் பூ வறுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்த மே மாதம் ரயில் பாதையோரத்தில் பூ மரத்திலேயே பூத்து, மரத்திலேயே வாடி, தண்டவாளத்தில் கொட்டியது. மெதுவாகப் போகும் ரயில் அதன்மேல் இன்னும் மெதுவாகப் போனது. கடிகாரத்தடியில் அர்லெத் ஆம்லெட் போட்டுக்கொண்டிருந்தாள். புரூனேல் அவ்வப்போது வந்து நின்று ஆம்லெட் வாங்கித் தின்றுவிட்டு, தூண் எவ்வளவு தூரம் என்று காலடியால் அளந்துவிட்டுப் போவார்.

செப்டம்பரில் வகுப்பு தொடங்கியது. பதக்கத்துக்கு விண்ணப்பித்தவர்கள் பூவோடு பழகத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டுமாம். விண்ணப்பித்தது அர்லெத் ஒருத்திதான். ஆகவே நகராட்சி மாடியில் வரிசை வரிசையாகப் போட்ட காலி நாற்காலிகளுக்கு நடுவில் அவள் உட்கார, பெருந்தலைவர் ஒலிபெருக்கியில் பாடம் நடத்தினார். முதல் சில வாரம் பூவுக்கு வணக்கம் செலுத்தும் முறை. தனிப்பூ என்றால் தலையைச் சாய்த்தால் போதும். கொத்து என்றால் இடுப்பை வளைக்க வேண்டும். கிளையோடு வந்தால் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்ற வேண்டும். அர்லெத்துக்கு முழங்காலில் வாதம். அதைச் சொன்னதும், பெரிய மனது பண்ணி அவளுக்குக் கிளை வராத பாடத்திட்டம் கொடுத்தார்கள்.

பிறகு அலங்காரம். தட்டில் உணவு மேல் பூவிதழ் வைக்கும் முறை. அர்லெத் ஒரு கிண்ணம் பூசணி சூப் செய்துகொண்டு வந்து, நடுவில் ஒரு இதழை வைத்தாள். பெருந்தலைவர் கிண்ணத்தைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பையிலிருந்து திசைகாட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். இதழின் நுனி நகராட்சிக் கட்டடத்தை நோக்கி இருக்க வேண்டும் என்றார். ஊரில் எந்த மூலையில் சாப்பிட்டாலும் அப்படித்தான்.

"சாப்பிடுறவர் கிண்ணத்தைத் திருப்பிட்டா?" என்று கேட்டாள் அர்லெத்.

"திருப்பினா நாற்காலியையும் சேர்த்துத் திருப்பணும்."

"நகராட்சிக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டா?"

பெருந்தலைவர் நெடுநேரம் யோசித்தார். அந்த வாரம் வகுப்பு அத்துடன் முடிந்தது. மறுவாரம் வந்து, நகராட்சிக்குள் சூப் குடிப்பதை மேயர் தடை செய்திருப்பதாக அறிவித்தார்.

இந்த வகுப்பில்தான் அர்லெத் முதன்முதலாக மகாசபையின் பூவைப் பார்த்தாள். வெல்வெட் விரித்த மேசையில், கண்ணாடி ஜாடியில், வெள்ளை வெளேரென்று ஒரு கொத்து. செப்டம்பரில் எங்கிருந்து வந்தது என்று ஆசையாக முகர்ந்து பார்த்தாள். பாச்சை உருண்டை வாசனை அடித்தது. முகர்வது இரண்டாம் ஆண்டுப் பாடம் என்று பெருந்தலைவர் கண்டித்தார்.

வீட்டுக்கு வந்து ஜெர்மேனிடம் சொன்னாள்: "அது துணிப் பூ. சவ அடக்கத்துக்கு மலர்வளையம் கட்டுற கடையில வாங்கினது போல இருக்கு."

"உனக்கு அதைப் பத்தி என்ன?" என்றார் ஜெர்மேன். "நாம நம்ம பூவைக் கொண்டுபோவோம். மே மாசத்துல ஒரு மூட்டை பறிச்சு, ஐஸ் பெட்டியில வெச்சிருக்கேன்."

அவர் எப்போது அதைச் செய்தார் என்று அர்லெத்துக்குத் தெரியாது. எல்லோரும் பெத்தாங்க் ஆடப் போயிருக்கிறார் என்று நினைத்த வேளையில் மனிதர் ஏணியில் இருந்திருக்கிறார். அன்றைக்கு அவருக்கு இரண்டு முட்டை அதிகமாகப் போட்டு ஆம்லெட் கிடைத்தது.

நவம்பர் விழா வந்தது. விடியற்காலையிலிருந்து மழை. அதைப் பொருட்படுத்தாமல் சபைகள் வந்து இறங்கின. ஆட்டுக்குடல் நிறத்தில் அங்கி போட்ட குடல் கறிக்காரர்கள், முதுகில் ஓடு கட்டிய நத்தைக்காரர்கள், பூண்டு மாலை போட்ட பூண்டுக்காரர்கள். நாங்கள் எல்லோரும் குடைக்குள்ளிருந்து வேடிக்கை பார்த்தோம். ஊர்வலம் சந்தைக் கூடத்துக்கு வந்து சேர்ந்ததும் பெருந்தலைவர் மேடை ஏறினார். அவருடைய தொப்பியிலிருந்து மழைநீர் கொத்துக் கொத்தாகச் சொட்டியது.

சகோதர சபைகளே என்று தொடங்கி, வந்திருந்த ஒவ்வொரு சபையின் பெயரையும் பட்டத்தோடு சொன்னார். அது முடியவே நேரமாகிவிட்டது. பிறகு மகாசபையின் சாதனைக்கு வந்தார்.

"நாங்க சபை ஆரம்பிச்சப்ப, ரயில் பாதையோரம் கண்ணுக்கெட்டின தூரம் அகாசியா மரமா நின்னுச்சு. யாரும் அதை மதிக்கல. ஏன்? அவ்வளவு இருந்துச்சு. இன்னைக்கு விருந்தினருங்க வண்டி நிறுத்த இடம் வேணும்னு பாதி மரத்தை வெட்டிட்டோம். இப்ப மீதி மரத்துக்கு என்ன மதிப்பு கூடியிருக்குன்னு பாருங்க. இடம் பத்தலன்னு சொல்றாங்க. அடுத்த வருஷம் இன்னும் மதிப்பைக் கூட்டுவோம்."

பெரிய கைதட்டல். வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் நனைந்து வந்த பூண்டுக்காரர்கள் மற்றவர்களை விடப் பலமாகத் தட்டினார்கள்.

பரிசோதனை நேரம் வந்தது. அர்லெத் புது ஏப்ரன் கட்டிக்கொண்டு, கடிகாரத்தடியில் தன் அடுப்பைப் பற்ற வைத்தாள். நடுவர்கள் மூன்று பேர்: பெருந்தலைவர், செயலாளர் பெகோ, விருந்தினர் சார்பில் குடல் கறி சபையின் தலைவர். ஜெர்மேன் கொண்டுவந்த பையைப் பெகோ திறந்து பார்த்தார்.

இது எப்போது பறித்தது என்று கேட்டார். மே மாதம் என்றாள் அர்லெத். பெகோ பையை இரண்டு விரலால் பிடித்து ஜெர்மேனிடமே திருப்பிக் கொடுத்தார். அன்று காலை எடுத்த பூவாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆறு மாதப் பழைய பூவை மகாசபையின் வாயில் வைக்கப் பார்க்கிறீர்களா என்று கேட்டார்.

"நவம்பர்ல வேற பூவுக்கு நான் எங்க போவேன், முசியே?"

பெகோ வெல்வெட் மேசையில் இருந்த ஜாடியைக் காட்டினார்.

அர்லெத் ஜாடியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அது துணி, முசியே."

"பட்டு, மதாம். மரியாதையா பேசுங்க."

"சரி, பட்டு. ஆனா பூ இல்லையே."

"இதைப் பார்த்து அப்படிச் சொன்ன முதல் ஆள் நீங்கதான். இந்தச் சபைக்கு இதுதான் பூ. இதுக்குத்தான் நாங்க சத்தியம் பண்ணியிருக்கோம். இன்னைக்குக் காலையிலதான் பீரோவிலேர்ந்து எடுத்தேன், என் கையால. இதை விடப் புதுப் பூ உங்களுக்கு எங்க கிடைக்கும்?"

அர்லெத் ஜெர்மேன் பக்கம் திரும்பினாள். சற்றுத் தள்ளி, தூணில் சாய்ந்தபடி புரூனேல் நின்றுகொண்டிருந்தார். கையில் அளவு நாடா.

"வறு" என்றார் ஜெர்மேன். "திங்கப்போறது நாமளா?"

அவள் வறுத்தாள். பட்டுக் கொத்தைக் கம்பிக் காம்பால் பிடித்து, மாவில் முக்கி, எண்ணெயில் விட்டாள். அது விரியவில்லை. சுருண்டு, விறைத்து, இஸ்திரி போட்டவன் மறந்துவிட்டுப் போன சட்டை மாதிரி ஒரு வாசனையைக் கிளப்பியது. மேலே சர்க்கரை தூவினாள். சர்க்கரையில் அவள் கஞ்சத்தனம் காட்டவில்லை. மூன்று தட்டு, மூன்று துண்டு. ஒவ்வொன்றின் நுனியையும் நகராட்சி பக்கம் திருப்பி வைத்தாள்.

நடுவர்கள் இடுப்பை வளைத்து வணங்கிவிட்டு வாயில் வைத்தார்கள்.

மென்றார்கள். முதலில் பெருந்தலைவர் பெகோவைப் பார்த்தார். பெகோ குடல் கறித் தலைவரைப் பார்த்தார். குடல் கறித் தலைவர் கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாக மென்றுகொண்டிருந்தார், பழக்கப்பட்ட தாடை. மூன்று பேரில் யாருக்கும் அகாசியாப் பூ எப்படி இருக்கும் என்று தெரியாது. அது தெரியாது என்பதை மற்ற இரண்டு பேருக்கும் தெரியவிடக் கூடாது. கூரையில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பெகோவின் வாயிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

கம்பியைக் கடித்துவிட்டார். கைக்குட்டையை வாயில் வைத்து எடுத்தபோது அதில் ஒரு பல் இருந்தது.

நான் முன்பே சொன்னேன், எங்கள் ஊரில் பல் வைத்தியர் கிடையாது.

பெருந்தலைவர் அந்தக் கைக்குட்டையை வாங்கிக் கூட்டத்துக்கு உயர்த்திக் காட்டினார். பூவுக்காகப் பல்லைக் கொடுத்த முதல் மனிதர் எங்கள் சபையில் இருக்கிறார், வேறு எந்தச் சபைக்காவது இந்தப் பெருமை உண்டா என்று கேட்டார். நத்தைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பல்லைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து இனி ஒவ்வொரு ஊர்வலத்திலும் கொடிக்கு முன்னால் எடுத்துச் செல்வது என்று அங்கேயே தீர்மானம் ஆயிற்று. பெகோ வலியில் கண்கலங்கி நின்றார். எல்லோரும் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு தீர்ப்பு. அகாசியாப் பூவுக்கு மூன்று லட்சணங்கள் இருப்பதை நடுவர் குழு கண்டுபிடித்திருக்கிறது என்றார் பெருந்தலைவர். ஒன்று, கடிபடாத கம்பீரம். இரண்டு, வாயில் கரையாத கண்ணியம். மூன்று, மிகப் பழைய பீரோவைத் திறந்தாற்போன்ற பாரம்பரிய மணம். இந்த மூன்றும் இருப்பதே இனி காஸ்தெல்மிராக்கின் பூ பஜ்ஜி. அர்லெத் கஸோபோனின் கழுத்தில் பதக்கம் ஏறியது. கடிகாரத்தடி இடமும் அவளுக்கே. விருந்துக்கு வாத்துக் கறி போட்டார்கள்.

அன்று வீட்டுக்குப் போகும்போது அர்லெத் சந்தோஷமாகத்தான் இருந்தாள். எதற்குச் சந்தோஷம் என்று மட்டும் அவளுக்குச் சரியாகப் புரியவில்லை.

புரிந்தது மே மாதத்தில். மீதமிருந்த மரங்கள் பூத்தன. ஜெர்மேன் ஏணி வைத்தார். அர்லெத் பதக்கத்தை அடுப்புக்கு மேலே மாட்டி, முதல் கொத்தை எண்ணெயில் விட்டாள். வாசனை ஊரைக் கூட்டியது. வரிசையில் முதல் ஆளாக வந்து நின்றவர் முசியே பெகோ. சோதனைக்கு வந்திருந்தார். இப்போது அவர் சாப்பிடலாம். பூ பரிசோதிக்கப்பட்ட பூ.

ஒரு வாய் கடித்தார். நின்றார். இன்னொரு வாய் கடித்தார். முகம் இருண்டது.

"கரையுது" என்றார்.

"ஆமா முசியே, கரையும்."

"கடிக்கிறதுக்கு முன்னாடியே போயிடுது. கம்பீரமே இல்ல. வாசனையும் வேற. இது எந்தப் பூ, மதாம்?"

"அகாசியாதான், முசியே. ரயில் பாதையோரத்துல காலையில பறிச்சது."

"அகாசியாவைப் பத்தி எனக்கா சொல்றீங்க?" பெகோ உதட்டை விலக்கி இடைவெளியைக் காட்டினார். "அதுக்கு நான் ஒரு பல்லையே கொடுத்திருக்கேன். சபைச் செயலாளர்ங்கிற முறையில சொல்றேன், உங்க சட்டியில இருக்கிறது பூ இல்ல."

ஞாயிற்றுக்கிழமைக்குள் முறைப்படியான பூ பஜ்ஜி தட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பதக்கத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று சொன்னார். கையில் மிச்சமிருந்த பஜ்ஜியை, சாட்சியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று காகிதத்தில் சுற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார். அவர் போன சற்று நேரத்துக்கெல்லாம் புரூனேல் வந்தார். இந்தத் தடவை அளவு நாடாவோடு ஒரு அலமாரியையும் கொண்டுவந்து தூணோரம் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்.

அர்லெத் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். துணியை வறுத்து வைத்தால் இடம் இருக்கும், வாங்குபவர் இருக்க மாட்டார்கள். பூவை வறுத்து வைத்தால் வாங்குபவர் இருப்பார்கள், இடம் இருக்காது. மரத்தில் பூ இருக்கப்போவதோ இன்னும் சில நாள். ஜெர்மேன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆட்டத்துக்குப் போகவில்லை.

"அந்த ஆள் கடைசியில என்ன சொன்னான்?" என்று கேட்டார்.

"இது பூ இல்லன்னு சொன்னார்."

"எந்த முறையில சொன்னான்?"

"செயலாளர்ங்கிற முறையில."

அர்லெத் எழுந்து, ஏப்ரனைக் கூட அவிழ்க்காமல் நேரே மாதா கோயில் பின்புறம் போனாள். பெகோ கதவைத் திறந்தபோது அவர் மீசையில் சர்க்கரை இருந்தது. சாட்சியைக் காணவில்லை. அவள் அதைக் கவனிக்காதது போல ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். பூ இல்லாத பண்டங்கள் மீது மகாசபைக்கு ஏதாவது அதிகாரம் உண்டா?

பெகோவுக்கு மனசு புண்பட்டுவிட்டது.

"பூ இல்லாததைப் பத்தி எங்களுக்கு என்ன அக்கறை, மதாம்? அதை ஜனங்க எப்படி வேணா தின்னுட்டுப் போகட்டும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தடியில் இரண்டு பலகைகள் தொங்கின. ஒன்றில் 'பூ பஜ்ஜி' என்று எழுதி, கீழே வெல்வெட் விரித்த தட்டில், பட்டுக் கொத்து மூன்று வறுத்து வைத்திருந்தது. நுனி நகராட்சியை நோக்கி, பக்கத்தில் பதக்கம். மலர்வளையக் கடையிலிருந்து புதிதாக வரவழைத்த சரக்கு. மற்ற பலகையில் இப்படி எழுதியிருந்தது: 'பூ இல்லாத பஜ்ஜி. மகாசபைச் செயலாளரால் பூ இல்லை என்று உறுதி செய்யப்பட்டது.' அதன் முன்னால் நின்ற வரிசை சந்தைக் கூடத்தைத் தாண்டி, ரொட்டிக் கடையைத் தாண்டி, புரூனேலின் அலமாரியைச் சுற்றிக்கொண்டு போனது. புரூனேலும் வரிசையில் இருந்தார். நானும் இருந்தேன். எனக்கு முன்னால் நின்றவரைத்தான் நான் முதலில் அடையாளம் கண்டுகொள்ளவில்லை, தொப்பி இல்லாததால்.

பெருந்தலைவர் நத்தை விழாவிலிருந்து நேராக வந்திருந்தார். அங்கியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். முகம் வெளிறியிருந்தது. போன வாரம் குடல் கறி, இந்த வாரம் நத்தை, நடுவில் பூண்டு. இனிமேல் அதையெல்லாம் தொடக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறாராம், ஆனால் பதவியில் இருப்பவன் என்ன செய்வது என்று என்னிடம் முனகினார். வயிற்றுக்கு இதமாக எதையாவது போட்டால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அவர் முறை வந்தது. அர்லெத்தின் கை ஒரு கணம் எண்ணெய்ச் சட்டி மேல் நின்றது. பிறகு ஒரு கொத்தை எடுத்து, சர்க்கரை தூவி, காகிதத்தில் வைத்துக் கொடுத்தாள்.

அவர் பலகையை ஒரு முறை படித்துப் பார்த்துக்கொண்டார். காம்பைப் பிடித்து ஒரு வாய் உருவினார். மெல்லவில்லை, மெல்ல அங்கே எதுவும் இல்லை. கண்ணை மூடினார். அர்லெத் சல்லிக் கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கடிகாரம் மணி அடித்தது, அது அடித்து முடியும் வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"இதுல என்ன போட்டீங்க, மதாம்?"

"மாவு, முட்டை, கொஞ்சம் பீர், பெருந்தலைவரே."

"பூ?"

"இல்லீங்க. பலகையில எழுதியிருக்கு."

பெருந்தலைவர் காகிதத்தில் ஒட்டியிருந்த சர்க்கரையை விரலால் தொட்டு நக்கினார். பக்கத்தில் வெல்வெட் தட்டில் விறைத்துக்கொண்டு கிடந்த மூன்று பூ பஜ்ஜிகளையும் பார்த்தார். இடுப்பை வளைத்து வணங்க மறந்துவிட்டார்.

"நல்லாருக்கு" என்றார், குரலைத் தாழ்த்தி. "இதுல பூவைச் சேர்த்துக் கெடுத்துடாதீங்க."

சொல்லிவிட்டு, இன்னும் ஆறு கட்டச் சொன்னார்.